மாடு கண்ட வழி

நேயர்களுக்கு வணக்கம். கொழிஞ்சாம்பாறை, ஒழலப்பதி, கோபாலபுரம் பக்கத்து இட்டேரிகளில், அதாவது இருபுறமும் வேலி போட்ட பழைய மாட்டுவண்டித் தடங்களில், விடுமுறை நாள் விடியலில் இப்போது சைக்கிள்கள் வரிசையாகப் போகின்றன. கோவையிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் வருகிறார்கள். தார்ச்சாலையைவிட இந்த மண் தடத்தில் கால் வலிக்காமல் மிதிக்க முடிகிறதே, எப்படி என்று அவர்கள் கேட்பதுண்டு. இந்த வழியின் சரிவை மாடுகள் வகுத்தன. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே இல்லாமல் திறந்துகிடக்கிறது பாலக்காட்டுக் கணவாய். மேற்குக் கடற்கரைக்கும் கொங்கு நாட்டுக்கும் இடையே சரக்கு போய்வர இதைவிடத் தோதான வாசல் கிடையாது. அந்த வணிகத்துக்குச் சான்றாகக் கோவையை ஒட்டிய வெள்ளலூரில் ரோமானியக் காசுகள் புதையலாகக் கிடைத்திருக்கின்றன. உப்பு வண்டி ஓட்டிய உமணர்கள், பள்ளம் மேடு எப்படி இருக்குமோ என்று வண்டிக்கு அடியில் சேம அச்சு, அதாவது மாற்று அச்சு, ஒன்றைக் கட்டிக்கொண்டு புறப்பட்டதைச் சங்கப் பாட்டு சொல்கிறது. 1862இல் ரயில் இந்தக் கணவாயைக் கடந்தது. அதற்குப் பிறகும் களத்திலிருந்து சந்தைக்கும் ஸ்டேஷனுக்கும் மாட்டுவண்டிதான்.

என் தாய்மாமன் பொள்ளாச்சிச் சந்தைக்குப் பாரவண்டி ஓட்டியவர். வெயிலுக்கு அஞ்சி இரவில்தான் பயணம். வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்த மையை அச்சில் தடவி, அடியில் அரிக்கேன் விளக்கைத் தொங்கவிட்டு, ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்புவார்கள். முன்வண்டி மாட்டுக்கு வழி தெரியும், பின்னால் வருபவர்கள் கண்ணயர்ந்துவிடுவார்கள். ஒரு மழைக்கால இரவில் ஓடைக்கரையில் முன்மாடுகள் நின்றுவிட்டன. அதட்டியும் நகரவில்லை. மாமா விளக்கைக் கழற்றிக்கொண்டு போய்ப் பார்த்தால், வண்டி இறங்கும் கரையை வெள்ளம் அரித்துச் செங்குத்தாக வெட்டிவிட்டிருந்தது. கயிற்றைத் தளர்த்திவிட்டார். மாடுகள் தாமாகவே கரையோடு மேல்பக்கம் நடந்து, சரிவு தணிந்த இடத்தில் இறங்கி அக்கரை ஏறின. மற்ற வண்டிகளும் அப்படியே. மறுவாரமும் அங்கேதான் இறங்கின. அப்படித்தான் அந்த வளைவு வழியாயிற்று. “மாப்பிள்ளை, மாடு நின்றால் இறங்கிப் பார். அடிக்காதே” என்பார் மாமா.

அந்த வளைவு இன்றும் இருக்கிறது. நேரே போனால் பத்தடியில் தாண்டக்கூடிய ஓடைக்கு இவ்வளவு பெரிய சுற்று எதற்கு என்று புதியவர்கள் திகைப்பார்கள். மிதித்துப் பார்த்தால் தெரியும்: சீட்டிலிருந்து எழாமலே கரையேறிவிடலாம். பாரம் இழுக்கும் மாட்டுக்கும் மிதிக்கும் காலுக்கும் ஒத்துவருகிற சரிவு ஒன்றுதான். மாடு கண்ட வழி என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

இட்டேரி இருபுறத்து விவசாயக் காட்டைவிடத் தாழ்ந்திருப்பதையும் கவனித்திருப்பீர்கள். இரும்புப் பட்டை போட்ட சக்கரம் மண்ணை அரைத்தது, அரைத்த மண்ணை மழை அடித்துச் சென்றது. பள்ளம் விழுந்தது அப்படித்தான். சைக்கிள்காரர்களுக்கு அதனால் ஒரு நன்மை. ஆடி மாதத்தில் கணவாய்க்குள் மேற்கிலிருந்து புகுந்து வரும் காற்றை எதிர்த்துச் சாலையில் மிதிக்கவே முடியாது. இட்டேரிக்குள் இறங்கிவிட்டால் காற்று தலைக்கு மேலே போய்விடுகிறது. நெருஞ்சி முள்ளுக்கு மட்டும் பஞ்சர் ஒட்டும் சாமான் கையில் இருக்கட்டும்.

இனி, வேலி. கிளுவை வேலியைப் பற்றித்தான் விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், நேரம் முடியப்போகிறது என்று கை காட்டுகிறார்கள். கிளுவைப் போத்தை வெட்டி நட்டாலே துளிர்க்கும். கவுதாரிக்கும் செண்பகப் பறவைக்கும் அதுதான் ஒதுங்கிடம். அதைப் பிடுங்கிக் கம்பி வேலி போடும்போது தடத்தையும் இரண்டடி உள்ளே இழுத்துக்கொள்கிறார்கள். பழைய கிராம வரைபடங்களில் வண்டிப்பாதை தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். உங்கள் ஊர்ப் படத்தைக் கிராம அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். அடுத்த வேலி நகர்வதற்குள் கேளுங்கள். வணக்கம்.