ஆறு இன்னிங்ஸ், ஒரே ஒரு ஓட்டம்

நடுவர் அவர்களே, வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் வேலை முடிந்த கையோடு வந்திருக்கும் உறவுகளே, வணக்கம். இளம் கிரிக்கெட் வீரனை உயர்த்துவது அவன் திறமையா, சுற்றியிருப்பவர்களின் பொறுமையா என்பது தலைப்பு. பொறுமையே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தம்பி நன்றாகப் பேசினார். 2023 செப்டெம்பரில் இதே கொழும்பில், கெத்தாராம மைதானத்தில், நம் 20 வயதுச் சுழற்பந்து வீச்சாளர் துனித் வெல்லாலகே இந்தியாவின் கில், கோலி, ரோஹித் என்று வரிசையாக ஆட்டமிழக்க வைத்து 5 விக்கெட் எடுத்தாரே, அது திறமை இல்லையா என்று கேட்டார். திறமைதான், யார் மறுத்தது? ஆனால் அவர் ஒருநாள் போட்டியில் அறிமுகமானது 2022 ஜூனில். இடையில் 15 மாதம் இருக்கிறது தம்பி, அவ்வளவு காலமும் அவரை யாரோ நம்பிக்கொண்டுதான் இருந்தார்கள்.

சரி, நம் பழைய துடுப்பாட்டக்காரர் மார்வன் அத்தபத்துவுக்கு வருவோம். 1990 நவம்பர், சண்டிகர், முதல் டெஸ்ட்: இரண்டு இன்னிங்ஸிலும் பூச்சியம். இரண்டு வருடம் கழித்து இங்கே எஸ்எஸ்சி மைதானத்தில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக ஒரு பூச்சியம், ஒரு ஓட்டம். 1994-இல் அகமதாபாத்தில் மறுபடியும் இரண்டு பூச்சியம். மூன்று டெஸ்ட், ஆறு இன்னிங்ஸ், மொத்தமே ஒரு ஓட்டம்! நம் வீட்டுப் பிள்ளை இப்படி வந்து நின்றால், படிப்பைப் பார், வேலையைத் தேடு என்றுதானே சொல்லியிருப்போம்? அவரை மறுபடி எடுத்தார்கள். 1997 நவம்பரில் முதல் சதம் அடித்தார், எங்கே தெரியுமா, அதே சண்டிகருக்குப் பக்கத்தில், மொஹாலியில். அப்புறம் 5,502 ஓட்டம், 16 சதம், அதில் ஆறு இரட்டைச் சதம், அணித் தலைமையும் கூட. திறமை 1990-இலும் அவரிடம் இருந்ததுதான், ஆனால் அது வெளியே வர ஏழு வருடம் பிடித்தது, அந்த ஏழு வருடத்தை அவர் தனக்குத்தானே கொடுத்துக்கொள்ள முடியாது.

நம் சுழற்பந்து வீச்சாளர் முத்தையா முரளிதரனை, நம் முரளியை எடுங்கள். 1992-இல் இதே கெத்தாராமவில் அறிமுகம், 141 ஓட்டம் கொடுத்து 3 விக்கெட். 1995-இல் மெல்பேர்னில், பந்தை வீசாமல் எறிகிறார் என்று நடுவர் மறுபடி மறுபடி நோபோல் சொன்னபோது அவருக்கு 23 வயது. அந்த வயதுப் பொடியன் ஒருவன் அத்தனை ஆயிரம் பேர் முன்னால் தனியாக நின்றிருந்தால் உடைந்து போயிருப்பான். அணித் தலைவர் அர்ஜுன ரணதுங்க அவரை விட்டுக்கொடுக்கவில்லை. முரளி பிறகு டெஸ்டில் எடுத்து முடித்த 800 விக்கெட்டிலும் தலைவனின் பிடிவாதத்துக்கு ஒரு பங்கு இருக்கிறது என்றுதான் நான் நம்புகிறேன்.

என் அக்கா மகன் இங்கே ஒரு கழகத்துக்கு ஆடுகிறான், இது அவனுடைய முதல் சீசன். முதல் போட்டிக்கு முந்தின இரவு முற்றத்தில் உட்கார்ந்து மரச் சுத்தியலால் புதுத் துடுப்பைத் தட்டித் தட்டிப் பழக்கினான், பக்கத்து வீட்டுக்காரர் வந்து கேட்கும்வரைக்கும். மறுநாள் முதல் பந்திலேயே பந்து காலில் பட்டு எல்பிடபிள்யூ, ஆட்டமிழந்தான். வீட்டுக்கு வந்ததும் துடுப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பந்து பட்ட சிவப்புத் தடம் ஒன்றுகூட இல்லை. அதற்குப் பிறகு நான்கு போட்டிகளில் அவன் தண்ணீர்ப் போத்தலும் துவாயும்தான் தூக்கினான். ஒரு பந்தில் அவனைப் பற்றி என்ன தெரிந்துகொண்டார்கள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. இப்போதும் விடியற்காலை ஐந்து மணிக்குப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்கிறான்.

அதனால் எதிரணியிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு உட்காருகிறேன், நடுவர் அவர்களே. 1994-இல் அகமதாபாத்தில் அந்த ஆறாவது இன்னிங்ஸும் பூச்சியத்தில் முடிந்த மாலையில் நீங்கள்தான் தெரிவுக்குழு என்று வைத்துக்கொள்ளுங்கள். திறமையை மட்டுமே பார்ப்பதாகச் சொன்னீர்கள். அத்தபத்துவின் பெயருக்கு நேரே என்ன எழுதியிருப்பீர்கள்?