ஆமாம் போடுவது எப்படி?

நேயர்களுக்கு வணக்கம்.

தெற்கே கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டு கேட்டிருப்பீர்கள். புலவர் ஒரு வரி சொன்னதும் பக்கத்தில் இருப்பவர் "ஆமா!" என்பார். சும்மா சொல்வதில்லை. "ஆமா, ராஜா வந்தாரு, கூட யாரு வந்தா?" என்று கேட்டுக் கதையை ஓர் அடி தள்ளிவிடுவார்.

இம்ப்ரொவ் என்கிற நகைச்சுவை மேடையிலும் முதல் பாடம் இதுதான். எழுதிவைத்த வசனம் கிடையாது. சிகாகோவில் 1940-ஐ ஒட்டி, குடியேறி வந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வயோலா ஸ்போலின் சொல்லிக்கொடுத்த விளையாட்டுகளிலிருந்து வளர்ந்த கலை. அவர் மகன் பால் சில்ஸ், நண்பர்களோடு அங்கே 1959-ல் தொடங்கிய 'செகண்ட் சிட்டி' என்கிற நகைச்சுவை அரங்கம் இன்றும் நடக்கிறது.

"டாக்டர், என் மாடு தூங்கவே மாட்டேங்குது" என்று ஒருவர் ஆரம்பிக்கிறார். மற்றவர் "நான் டாக்டரே இல்லையே" என்றால் காட்சி அங்கேயே படுத்துவிடும். "ராத்திரியில காப்பி கொடுத்தீங்களா?" என்று கேட்டால் ஓடும். இது ஆமாஞ்சாமி வேலை இல்லை. ஆமாஞ்சாமி தன் பங்குக்கு எதையும் போடமாட்டார். (கடன் கேட்டு வருபவரிடம் மட்டும் இதைப் பரீட்சித்துப் பார்க்காதீர்கள்.)

என் அம்மாவுக்கு வயது எண்பத்திரண்டு. மறதி நோய். சாயங்காலம் ஆறு மணியானால் கட்டைப்பையோடு வாசலில் நிற்பாள். "வீட்டுக்குப் போவணும், உங்கப்பா வந்திருப்பாவ." அப்பா போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று என்று நானும் தினமும் திருத்தினேன். ஒவ்வொரு தடவையும் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டதுபோல அழுவாள்.

ஒருநாள் அலுத்துப்போய், "ஆமாம்மா, அப்பா பசியோட வருவாவ. என்ன வைக்கப் போற?" என்றேன்.

பை கீழே இறங்கியது. "உளுந்தஞ்சோறுதான். எள்ளுத் துவையல் இல்லாம இறங்காதே அவியளுக்கு. எள்ளு இருக்கால?"

"பொய்தானே சொல்றே?" என்று அக்கா கோபித்தாள். அந்தக் காட்சியை ஆரம்பித்தது அம்மா; நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆமா போட்டேன், அவ்வளவுதான்.

நேற்று சொதி வைத்தோம். இன்றைக்கு ஆறு மணிக்கு என்ன கேட்கலாம் என்று நிலையத்துக்கு வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். முன்கூட்டி யோசிப்பது இந்த ஆட்டத்தில் தப்பாட்டம். வணக்கம்.