துண்டு போட்ட சீட்டும் விருதுப் பட்டியலும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சேலம் பஸ் ஸ்டாண்டில் ஏற்காடு பஸ்ஸுக்கு நின்றிருக்கிறீர்களா? பஸ் வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாக ஒரு துண்டு பறக்கும், ஒரு குடை போகும், சில நேரம் ஒரு குழந்தையே உள்ளே போகும். துண்டு போட்டவர் சீட் பிடித்துவிட்டார், சரி. ஆனால் ஏற்காடு போய்ச் சேர்ந்துவிட்டாரா? இன்னும் 20 கொண்டை ஊசி வளைவு பாக்கி இருக்கிறது. எழுத்தாளர் குறிப்புகளில் ‘விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்’ என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் துண்டுதான் நினைவுக்கு வரும்.

நான் ஓய்வு பெற்ற நூலகர். வேலையில் இருந்த காலத்தில் இந்தப் பக்கத்து எழுத்தாளர்களுக்கென்று தனியாக ஒரு அட்டைப் பட்டியல் வைத்திருந்தேன். ஆளுக்கு ஓர் அட்டை. பழைய நூலகங்களுக்குப் போனவர்களுக்கு அந்த அட்டை தெரியும்: கீழே ஓர் ஓட்டை, அதில் கம்பி கோத்திருக்கும், மேல் விளிம்பு கை பட்டுப் பட்டுக் கறுத்துப் போயிருக்கும். பெயர், ஊர், புத்தகங்கள், கடைசியில் பரிசுகள். அந்தக் கடைசி வரிதான் என்னைப் படுத்தி எடுத்தது.

ஒருநாள் மதியம், சாப்பிட்டுவிட்டுக் கண் சொக்கும் நேரம், ஒரு நாவலாசிரியர் வந்தார். பெயர் வேண்டாம். நல்ல மனிதர், நன்றாகவும் எழுதுவார். “சார், நம்ம நாவல் அவார்டுக்குப் போயிருக்கு” என்றார். ஒரு பெரிய விருதின் பெயரைச் சொன்னார். “போயிருக்குன்னா?” என்றேன். “அனுப்பியாச்சு சார்” என்றார். எனக்கு இருந்த தூக்கத்தில் மேலே கேட்கவில்லை. அட்டையை எடுத்து, பென்சிலால் ‘பரிந்துரை’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். பென்சில் என்றால் இன்னும் முடிவாகவில்லை என்று அர்த்தம். அது எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும் என்பதுதான் பிரச்சினை.

கொஞ்ச நாளில் எனக்கு மாற்றல் வந்தது. எனக்குப் பதிலாக வந்தவர் முத்து முத்தாக எழுதுவார். அழிந்துகொண்டிருந்த பென்சில் எழுத்துகளையெல்லாம் பொறுப்பாக மையால் எழுதி வைத்தார். கேள்விக்குறி விட்டுப்போய்விட்டது. அடுத்து அந்த எழுத்தாளருக்கு மணிவிழா வந்தது, மலர் போட்டார்கள், மலருக்கு விவரம் திரட்டியவர் நூலகத்துக்கு வந்து அட்டையைப் பார்த்து எழுதிக்கொண்டு போனார். மலரில் ‘இன்ன விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட நாவல்’ என்று கொட்டை எழுத்தில் வந்தது. அந்த மலரை வைத்து ஒரு மாணவர் எம்.ஃபில். ஆய்வேடு எழுதினார். நான் சில வருஷம் கழித்துப் பழைய இடத்துக்கே திரும்பி வந்தேன். ஒரு பையன் காலிகோ பைண்டு செய்த ஆய்வேட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, “சார், உங்க கார்டுல ஆதாரம் குறிப்பிடலையே, இதோ ஆதாரம், சேர்த்துக்கங்க” என்கிறான். அடிக்குறிப்பைப் பார்த்தால் மலர். மலரின் நன்றிப் பக்கத்தைப் பார்த்தால் நூலகம். என்னுடைய பென்சில் வரி ஊரைச் சுற்றிவிட்டு, எனக்கே ஆதாரமாக வந்து மேஜையில் உட்கார்ந்திருக்கிறது!

பிறகு அந்த எழுத்தாளரிடமே கேட்டேன். பர்ஸிலிருந்து ஒரு கூரியர் ரசீதை எடுத்துக் காட்டினார். மடித்து மடித்து நான்கு துண்டாகக் கிழியும் நிலையில் இருந்தது. பதிப்பாளர் பிரதிகளை அனுப்பிய ரசீது. இருந்த ஆதாரம் அவ்வளவுதான். அவர் பொய் சொல்லவில்லை. ‘அனுப்பியாச்சு’ என்றுதான் சொன்னார். பரிந்துரை என்று எழுதியது நான்.

அன்றையிலிருந்து பரிசு வரியில் கை வைக்கும் முன் மூன்று கேள்வி கேட்டுக்கொள்கிறேன். யார் சொன்னது? எந்தக் கட்டம்? எந்த வருஷம்?

முதலில், யார் சொன்னது. விருது கொடுப்பவர் வெளியிட்டால்தான் அது பட்டியல். நோபல் பரிசை எடுத்துக்கொள்ளுங்கள். இலக்கியப் பரிசுக்குப் பெயர் சொல்லும் தகுதி உலகம் முழுக்க ஏராளமான பேருக்கு உண்டு: இலக்கியப் பேராசிரியர்கள், மொழியியல் பேராசிரியர்கள், முன்பு பரிசு வாங்கியவர்கள், எழுத்தாளர் சங்கத் தலைவர்கள் என்று. அந்தப் பெயர்களை 50 வருஷம் வெளியே விட மாட்டார்கள். ஆகவே இன்று ஒருவர் ‘நோபலுக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்’ என்று போட்டுக்கொண்டால் நோபல் குழு ஆமாம் என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது. சௌகரியம்தான்! சரி, பரிந்துரைத்தது உண்மையாகவே இருக்கட்டும், அதற்கு என்ன எடை? 1913இல் தாகூரின் பெயரைச் சொன்னவர் ஒரே ஒருவர், ஸ்டர்ஜ் மூர் என்ற இங்கிலாந்துக் கவிஞர். அதே வருஷம் இங்கிலாந்து நாவலாசிரியர் தாமஸ் ஹார்டிக்காக 97 பேர் கையெழுத்துப் போட்டார்கள். பரிசு யாருக்குப் போனது என்று உங்களுக்கே தெரியும்.

அமெரிக்காவின் புலிட்சர் பரிசுக்கு யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் புத்தகம் அனுப்பலாம். அனுப்பியதாலேயே ‘பரிந்துரைக்கப்பட்டவர்’ என்று சொல்லிக்கொள்ளாதீர்கள், நடுவர்கள் தேர்ந்தெடுத்து நாங்கள் அறிவிக்கும் இறுதிச் சுற்றுக்காரர்களுக்கு மட்டும்தான் அந்தப் பெயர் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். நம் ஊர் கூரியர் ரசீது கதை அங்கேயும் இருக்கிறது என்று தெரிந்ததில் எனக்கு ஓர் ஆறுதல்.

இந்தப் ‘பரிந்துரை’ என்ற சொல்லே பாதிக் குழப்பம். நமக்குப் பரிந்துரை என்றால் எம்.எல்.ஏ. கடிதம் நினைவுக்கு வருகிறது. நெடும்பட்டியல் (முதலில் அறிவிக்கும் நீளமான பட்டியல்), குறும்பட்டியல் (அதிலிருந்து சலித்தெடுத்த சின்னப் பட்டியல்) என்று நல்ல சொற்கள் இப்போது பத்திரிகையிலேயே புழங்குகின்றன. அதையே எழுதலாமே. அதுதான் எந்தக் கட்டம் என்ற கேள்வி. ஏற்காடு மலையில் பத்தாவது வளைவு வரை போனவரையும், பதினெட்டாவது வளைவு வரை போனவரையும், கீழே பஸ் ஸ்டாண்டில் துண்டு போட்டவரையும் ஒரே சொல்லால் எழுதினால் உண்மையிலேயே மலை ஏறியவருக்குத்தான் நஷ்டம்.

பெருமாள்முருகனின் ‘பூக்குழி’யைப் பாருங்கள். (அவர் திருச்செங்கோட்டுக்காரர், நாமக்கல் மாவட்டம். 1997இல்தான் நாமக்கல் சேலத்திலிருந்து பிரிந்தது, அதனால் அதற்கு முன் பிறந்தவர்களை நான் எங்கள் அட்டைப் பெட்டியிலிருந்து விடுவதாக இல்லை.) இந்த நாவலைப் பற்றி ‘புக்கர் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டது’ என்று பல இடத்தில் எழுதியிருக்கிறார்கள். அது புக்கர் இல்லை, மொழிபெயர்ப்பு நூல்களுக்கான சர்வதேச புக்கர். அது வேறு பரிசு. போனது நெடும்பட்டியல் வரை, 13 புத்தகங்களில் ஒன்று, குறும்பட்டியலுக்குப் போகவில்லை. அதைச் சொல்வதில் ஒரு குறைவும் இல்லை, அந்தப் பட்டியலுக்குப் போன முதல் தமிழ் நாவல் அதுதான். பட்டியலில் ஏறிய புத்தகம் அனிருத்தன் வாசுதேவனின் ஆங்கில மொழிபெயர்ப்பு. பரிசு கிடைத்திருந்தால் பணத்தில் சரிபாதி அவருக்கு. அவர் பெயர் இல்லாத குறிப்பு பாதிக் குறிப்பு.

மூன்றாவது, எந்த வருஷம். ‘பூக்குழி’ தமிழில் வந்தது 2013. நெடும்பட்டியல் 2023. வெறுமனே ‘பூக்குழி, 2013, சர்வதேச புக்கர்’ என்று எழுதினால் படிக்கிறவர் 2013ஆம் வருஷத்துப் பட்டியலைத் தேடித் தேடிக் களைத்துப்போவார். சாகித்ய அகாதெமியிலும் அப்படித்தான். 2023ஆம் ஆண்டு விருதுக்கு அவர்கள் பார்த்தது 2017 முதல் 2021 வரை முதல் பதிப்பாக வந்த நூல்களை. ஆகவே நூல் வந்த வருஷம் ஓரிடத்தில், விருது வருஷம் இன்னோரிடத்தில் என்று இரண்டையும் எழுதுங்கள். அட்டையில் இடம் இருக்கிறது.

அப்படியானால் அந்த நாவலாசிரியரின் வரியை அடித்துவிட்டாயா என்று கேட்பீர்கள். அடிக்கவில்லை. ‘பதிப்பாளர் விருதுக்கு அனுப்பினார், ஆசிரியர் தந்த தகவல்’ என்று மாற்றி எழுதினேன், இந்த முறை மையால். அதுவும் ஒரு தகவல்தானே, ஒரு பதிப்பாளர் அந்த நாவலை நம்பிச் செலவு செய்திருக்கிறார். நாவலாசிரியருக்கு முதலில் வருத்தம்தான், ஒரு மாதம் பேசவில்லை. பிறகு அவரே வந்து தட்டுவடை செட் வாங்கிக்கொடுத்தார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள், இன்னும் இரண்டு நிமிஷம்தானாம். பரிசை வேண்டாம் என்றவர்களைப் பற்றி நிறையப் பேசலாம் என்று வந்தேன். சுருக்கமாக: 1964இல் பிரெஞ்சு எழுத்தாளர் சார்த்தர் நோபலை மறுத்தார், இருந்தாலும் அந்த வருஷத்துக்கு நேரே இன்றும் அவர் பெயர்தான் இருக்கிறது. எனவே ‘வழங்கப்பட்டது, ஏற்கவில்லை’ என்று இரண்டையும் எழுத வேண்டும். அறிவித்த பட்டியலிலிருந்து தானாக விலகினவர்களுக்கும் இப்படியே. இப்போது ஒரு விரல்தான் காட்டுகிறார்கள். வீட்டில் பழைய விருது அழைப்பிதழ், நடுவர் குழுக் கடிதம் ஏதாவது இருந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போடாமல் பக்கத்து நூலகத்தில் கொடுங்கள். கூரியர் ரசீது இருந்தாலும் கொடுக்கலாம், என்னவென்று மறக்காமல் பின்னால் எழுதிவிடுங்கள். நன்றி, வணக்கம்.