வீட்டுக் கம்ப்யூட்டரில் ஸ்டோரேஜ் டிரைவர்: எது வேண்டும், எப்போது மாற்ற வேண்டும்?

[திரையில்: விண்டோஸ் 11 நிறுவும் திரை. டிஸ்க் பட்டியல் வரவேண்டிய கட்டம் காலியாக இருக்கிறது.]

புது லேப்டாப், உள்ளே 512 ஜிபி எஸ்எஸ்டி. பென்டிரைவ் போட்டு விண்டோஸ் 11 நிறுவ ஆரம்பிக்கிறீர்கள். எந்த டிஸ்க்கில் நிறுவுவது என்று கேட்கும் இடத்தில் பட்டியல் காலி. டிரைவ் எதுவும் கிடைக்கவில்லை, ஸ்டோரேஜ் டிரைவரை ஏற்றுங்கள் என்று ஒரு வரி மட்டும் நிற்கிறது.

எஸ்எஸ்டி போய்விட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். பயாஸில், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் கம்ப்யூட்டரின் அமைப்புத் திரையில், அதன் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால், எஸ்எஸ்டி நன்றாகத்தான் இருக்கிறது. அதோடு பேச உதவும் மென்பொருளான டிரைவர்தான் விண்டோஸிடம் இல்லை. இந்த ஒரு இடத்தைத் தவிர, வீட்டுக் கம்ப்யூட்டரில் ஸ்டோரேஜ் டிரைவரை நீங்களாகத் தேடிப் போட வேண்டிய கட்டாயம் அபூர்வமாகத்தான் வரும்.

[திரையில்: டிவைஸ் மேனேஜர் திறக்கிறது.]

உங்கள் கம்ப்யூட்டரில் இப்போது எது ஓடுகிறது? ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். பலரும் ‘டிஸ்க் டிரைவ்ஸ்’ என்ற பிரிவைத்தான் முதலில் பார்ப்பார்கள். அங்கே உள்ள டிஸ்க்கின் ‘ப்ராப்பர்ட்டீஸ்’ திறந்தால் டிரைவர் தேதி 21-06-2006 என்று இருக்கும். இருபது வருடப் பழசு என்று பதற வேண்டாம். மைக்ரோசாஃப்ட் தன் சொந்த டிரைவர்களுக்கு வேண்டுமென்றே போடும் தேதி அது. சாதனத்துக்குச் சமமாகப் பொருந்தும் இரண்டு டிரைவர்கள் இருந்தால் புதிய தேதி உள்ளதை விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். தயாரிப்பாளர் கொடுத்த டிரைவர் தோற்றுவிடக் கூடாது என்பதற்காகத் தன் தேதியைப் பழசாகவே வைத்திருக்கிறார்கள். உண்மையான வயது தெரிய வேண்டுமென்றால் தேதிக்குக் கீழே உள்ள பதிப்பு எண்ணைப் பாருங்கள். அது உங்கள் விண்டோஸின் பில்ட் எண்ணை ஒட்டியே இருக்கும்.

நாம் பார்க்க வேண்டியது டிஸ்க்கைக் கம்ப்யூட்டரோடு இணைத்து இயக்கும் கன்ட்ரோலர்தான். டிஸ்க் இணையும் வகைகள் இரண்டு: பழைய சாட்டா, வேகமான என்விஎம். அதற்கு இரண்டு பிரிவுகள்: ‘ஐடிஇ ஏடிஏ கன்ட்ரோலர்ஸ்’, ‘ஸ்டோரேஜ் கன்ட்ரோலர்ஸ்’. முதலாவதில் ‘ஸ்டாண்டர்டு சாட்டா ஏஹெச்சிஐ கன்ட்ரோலர்’ என்றோ, இரண்டாவதில் ‘ஸ்டாண்டர்டு என்விஎம் எக்ஸ்பிரஸ் கன்ட்ரோலர்’ என்றோ இருந்தால், ஓடுவது விண்டோஸோடு வந்த டிரைவர். விண்டோஸ் அப்டேட் வரும்போது அதுவும் சேர்ந்தே புதுப்பிக்கப்படும். நீங்கள் செய்ய ஒன்றுமில்லை.

‘இன்டெல் ஆர்எஸ்டி விஎம்டி கன்ட்ரோலர்’ என்று இருந்தால் கதை வேறு. இன்டெல் 11ஆம் தலைமுறை பிராசஸர் முதல் பல லேப்டாப்களில் விஎம்டி என்ற வசதி இயக்கப்பட்ட நிலையிலேயே வருகிறது. எஸ்எஸ்டியை விண்டோஸ் நேரடியாகப் பார்க்க முடியாதபடி நடுவில் நிற்பது அதுதான். இன்டெல் டிரைவர் இருந்தால்தான் உள்ளே இருப்பது தெரியும். நிறுவும்போது பட்டியல் காலியாக இருந்ததற்குக் காரணமும் அதுவே.

ஏஎம்டி கம்ப்யூட்டரில் ஒற்றை எஸ்எஸ்டிக்கு இந்தப் பிரச்சினை இல்லை. பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைக்கும் ரெய்டு அமைத்திருந்தால் மட்டும், நிறுவும்போது மூன்று டிரைவர்களை வரிசையாக ஏற்ற வேண்டும்: முதலில் ஆர்சி-பாட்டம், அடுத்து ஆர்சி-ரெய்டு, கடைசியில் ஆர்சி-கான்ஃபிக். வரிசை மாறினால் டிஸ்க் தெரியாது.

[திரையில்: இரண்டு வழிகள். ஒன்று, டிரைவரை ஏற்றுவது. இரண்டு, விஎம்டியை அணைப்பது.]

காலிப் பட்டியலுக்கு வருவோம். முதல் வழி, டிரைவரை ஏற்றுவது. லேப்டாப் கம்பெனியின் சப்போர்ட் பக்கத்தில் உங்கள் மாடல் எண்ணைப் போட்டு, ‘இன்டெல் ரேப்பிட் ஸ்டோரேஜ்’ டிரைவரை வேறொரு கம்ப்யூட்டரில் இறக்குங்கள். அங்கே இல்லையென்றால் இன்டெல் தளம். அங்கே பெரிய எண் உள்ளதுதான் நல்லது என்று எடுக்காதீர்கள்; எந்தப் பதிப்பு எந்தத் தலைமுறை பிராசஸருக்கு என்று பக்கத்தின் தலைப்பிலேயே போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து எடுங்கள்.

இறக்கியது ஒரு இஎக்ஸ்இ ஃபைல். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். அந்த ஃபைலை அப்படியே பென்டிரைவில் போட்டால் விண்டோஸ் நிறுவிக்கு அது தெரியாது. அதற்கு வேண்டியது ஐஎன்எஃப், சிஸ், கேட் என்று முடியும் ஃபைல்கள், ஒரே ஃபோல்டரில். ஐஎன்எஃப் ஒன்றை மட்டும் தனியாக நகலெடுத்தாலும் வேலைக்கு ஆகாது.

[திரையில்: டெர்மினலில் இஎக்ஸ்இ-யைப் பிரித்தெடுக்கும் கட்டளை. கட்டளையின் கடைசியில் சேமிக்க வேண்டிய ஃபோல்டரின் பெயர்.]

அட்மின் உரிமையோடு டெர்மினலைத் திறந்து, திரையில் காட்டியபடி கட்டளை கொடுங்கள். உள்ளே ஃபோல்டருக்குள் ஃபோல்டராக விரியும். விஎம்டி என்று பெயருள்ளதைக் கண்டுபிடித்து, முழுதாகப் பென்டிரைவுக்கு மாற்றுங்கள். விண்டோஸ் இருக்கும் அதே பென்டிரைவிலேயே வைக்கலாம். நிறுவும் திரையில் ‘லோட் டிரைவர்’, பிறகு ‘பிரவுஸ்’, அந்த ஃபோல்டர். பொருத்தமான டிரைவர் பெயர் பட்டியலில் வந்தால், நெக்ஸ்ட். சில நொடிகளில் எஸ்எஸ்டி தெரியும்.

பெயரே வரவில்லையா? பொருந்தாதவற்றை மறைக்கும் ஒரு டிக் அந்தத் திரையில் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் பட்டியல் நிரம்பும், ஆனால் அதிலிருந்து ஒன்றை ஏற்றிப் பயனில்லை. டிக் இருக்கும்போது வரவில்லை என்றால் நீங்கள் எடுத்தது வேறு தலைமுறையின் டிரைவர் என்றுதான் அர்த்தம்.

இரண்டாவது வழி, பயாஸில் விஎம்டியை அணைப்பது. ஒரே எஸ்எஸ்டி, ரெய்டு இல்லை என்றால் இதில் நீங்கள் இழப்பது எதுவும் இல்லை; என் பரிந்துரை இதுதான். டெல் லேப்டாப்பில் ஸ்டோரேஜ் பகுதியில் ‘ரெய்டு ஆன்’ என்பதை ‘ஏஹெச்சிஐ’ என்று மாற்ற வேண்டும். ஏசரின் பல மாடல்களில் இந்த வரி கண்ணிலேயே படாது. பயாஸின் மெயின் பக்கத்தில் கன்ட்ரோல், எஸ் இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் வெளியே வரும். சில ஹெச்பி மாடல்களில் அணைக்கும் வசதியே கிடையாது. அங்கே முதல் வழிதான் கதி.

[திரையில்: நீலத் திரை. பிழை: இன்அக்ஸஸிபிள் பூட் டிவைஸ்.]

இது புதிதாக நிறுவும்போது சரி. ஏற்கெனவே விண்டோஸ் ஓடும் கம்ப்யூட்டரில் சும்மா போய் விஎம்டியை அணைத்தால் இந்த நீலத் திரைதான் வரும். ஏன்? பூட் ஆகும்போது தேவைப்படாது என்று விண்டோஸ் குறித்துவைத்த ஸ்டோரேஜ் டிரைவர்கள் அந்த நேரத்தில் ஏறாது. இன்டெல் டிரைவர் வழியாகவே பழகிய விண்டோஸ், சாதாரண என்விஎம் டிரைவரைக் கையிலேயே வைத்திருந்தும் எடுக்காது. சேஃப் மோடில் அந்தக் குறிப்பை அது பொருட்படுத்துவதில்லை. எல்லாவற்றையும் ஏற்றிப் பார்க்கும். அதனால் மாற்றத்தை சேஃப் மோட் வழியாகச் செய்ய வேண்டும்.

அதற்கு முன் மூன்று விஷயங்கள். ஒன்று, டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் என்க்ரிப்ஷன் வசதியான பிட்லாக்கர். பயாஸில் கை வைத்தால் 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்க வாய்ப்பு அதிகம். ப்ரோ பதிப்பில் பிட்லாக்கரைத் தற்காலிகமாக ‘சஸ்பெண்ட்’ செய்துவிடுங்கள். ஹோம் பதிப்பிலும் டிவைஸ் என்க்ரிப்ஷன் உங்களுக்குத் தெரியாமலே ஓடிக்கொண்டிருக்கலாம். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தக் கீ சேமிக்கப்பட்டிருக்கும், காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு, சேஃப் மோடில் பின் நம்பர் வேலை செய்யாமல் போகலாம், கணக்கின் பாஸ்வேர்டு நினைவில் இருக்கட்டும். மூன்று, ஹார்ட் டிஸ்க்கை வேகப்படுத்த இன்டெல் ஆப்டேன் மெமரி சேர்த்து வந்த பழைய கம்ப்யூட்டர் என்றால், இன்டெல் ஆப்பில் ஆப்டேனை முதலில் ‘டிசேபிள்’ செய்யுங்கள். செய்யாமல் பயாஸை மாற்றினால் டேட்டா போகலாம்.

[திரையில்: ரன் பெட்டியில் எம்எஸ்கான்ஃபிக்.]

இனி வேலை சுலபம். விண்டோஸ் கீயும் ஆரும் அழுத்தி எம்எஸ்கான்ஃபிக் திறங்கள். பூட் பக்கத்தில் ‘சேஃப் பூட்’, ‘மினிமல்’. ரீஸ்டார்ட் ஆகும்போது விண்டோஸுக்குள் போக விடாமல் நேராக பயாஸுக்குள் நுழைந்து விஎம்டியை அணைத்து, சேமித்து வெளியே வாருங்கள். சேஃப் மோடில் திறந்ததும் ஒரு நிமிடம் சும்மா விடுங்கள். கன்ட்ரோலரைப் புதிதாகக் கண்டு டிரைவரைப் பொருத்திக்கொள்ளும். மறுபடி எம்எஸ்கான்ஃபிக், டிக்கை எடுத்து ரீஸ்டார்ட். டிவைஸ் மேனேஜரில் இப்போது ‘ஸ்டாண்டர்டு என்விஎம் எக்ஸ்பிரஸ்’ என்று இருக்க வேண்டும். பிட்லாக்கரை ‘ரெஸ்யூம்’ செய்ய மறக்காதீர்கள்.

எதிர்த்திசையில், அதாவது அணைந்திருக்கும் விஎம்டியை இயக்க, இந்த முறை மட்டும் போதாது. இன்டெல் டிரைவர் முன்கூட்டியே விண்டோஸுக்குள் இருக்க வேண்டும்.

[திரையில்: எஸ்எஸ்டியின் படம். அருகே இரண்டு சொற்கள்: டிரைவர், ஃபர்ம்வேர்.]

எஸ்எஸ்டி கம்பெனிகள் தனி டிரைவர் தருவதில்லையா? சாம்சங் தந்தது: 950, 960, 970 வரிசைகளுக்கு. 980 முதல் அவர்களே விண்டோஸ் டிரைவர் போதும் என்று விட்டுவிட்டார்கள். எஸ்எஸ்டியில் புதுப்பிக்க வேண்டியது ஃபர்ம்வேர். டிரைவர் விண்டோஸில் இருக்கும், எஸ்எஸ்டியை இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேர் அதற்குள்ளேயே இருக்கும். 2024 அக்டோபரில் விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பு வந்தபோது, வெஸ்டர்ன் டிஜிட்டல் எஸ்என்770, எஸ்என்580 ஆகியவற்றின் 2 டிபி மாடல்களில் நீலத் திரை வரத் தொடங்கியது. கம்ப்யூட்டரின் ரேமிலிருந்து அவை 200 எம்பி இரவல் கேட்டன. அதுவரை 64 எம்பிக்கு மேல் தராமல் இருந்த விண்டோஸ், கேட்டதைக் கொடுத்தது. அதில்தான் சிக்கல். சரிசெய்தது டிரைவர் இல்லை, ஃபர்ம்வேர் அப்டேட். முதலில் பேக்கப், லேப்டாப் சார்ஜரில், பிறகு கம்பெனியின் சொந்த ஆப். அவ்வளவுதான். விஎம்டி இயங்கும் நிலையில் சில ஆப்களுக்கு எஸ்எஸ்டி தெரியாது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

[திரையில்: ஈவென்ட் வியூவர், சிஸ்டம் பதிவுகள்.]

சில நொடிகள் எல்லாம் உறைந்து நின்று பிறகு ஓடுகிறதா? டிரைவர் மேல் பழி போடும் முன், விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் எண் 129 இருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்க் பதில் சொல்லாததால் அதை ரீசெட் செய்ததாக டிரைவர் எழுதிவைக்கும் குறிப்பு அது. சாட்டா டிஸ்க் என்றால், டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ ஆப்பில் சி7 என்ற வரியைப் பாருங்கள், அதுதான் சிஆர்சி பிழைகளின், அதாவது டேட்டா வழியில் சிதைந்த தடவைகளின் எண்ணிக்கை. அந்த எண் ஒருபோதும் குறையாது. இன்று எழுதிவைத்து, ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். ஏறியிருந்தால் சாட்டா கேபிளை மாற்றுங்கள். என்விஎம் என்றால் பவர் ஆப்ஷன்ஸில் பிசிஐ எக்ஸ்பிரஸின் ‘லிங்க் ஸ்டேட்’ மின்சேமிப்பை அணைத்துப் பாருங்கள்.

இன்டெல் டிரைவரைப் புதுப்பிக்கத்தான் வேண்டும் என்றால் லேப்டாப் கம்பெனியின் பக்கத்திலிருந்து எடுங்கள். எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் புதுப்பிப்பதாகச் சொல்லும் மூன்றாம் தரப்பு ஆப்கள், கிராஃபிக்ஸில் தவறினால் திரை மங்கும், அவ்வளவுதான். ஸ்டோரேஜில் தவறினால் கம்ப்யூட்டரே எழாது.

எழவில்லையா? பூட் தொடர்ந்து தோற்றால் ரெக்கவரி திரை தானாக வரும். சேஃப் மோடில் போக முடிந்தால் டிவைஸ் மேனேஜரில் ‘ரோல் பேக் டிரைவர்’. அதுவும் முடியாவிட்டால் சிஸ்டம் ரீஸ்டோர். பென்டிரைவிலிருந்து ரெக்கவரிக்குள் போனீர்கள் என்றால் விஎம்டி அங்கேயும் குறுக்கே நிற்கும், சி டிரைவே தெரியாது. கமாண்ட் ப்ராம்ப்டில் டிஆர்வி-லோட் என்ற கட்டளையோடு, பென்டிரைவில் உள்ள பழைய, நன்றாக ஓடிய பதிப்பின் ஐஎன்எஃப் ஃபைலின் பாதையைக் கொடுங்கள். டிரைவ் தெரிந்ததும் முதலில் உங்கள் ஃபைல்களை வெளி டிஸ்க்குக்கு நகலெடுங்கள், பழுது பார்ப்பது அதற்குப் பிறகு.