தசைக்கென்று போடும் குளிசை

நேயர்களுக்கு வணக்கம். கூடையோ சாக்கோ, கொழுந்தைச் சுமந்து மேடு பள்ளம் ஏறி இறங்கும் நம் பெண்களுக்கு இடுப்பு வலி, கழுத்துப் பிடிப்பு வராத மாதம் உண்டா? வலி வந்ததும் பக்கத்துக் காம்பராவில் கேட்டு ஒரு குளிசை வாங்கிப் போடுகிறோம். இன்றைக்கு அந்தக் குளிசையைப் பற்றித்தான் பேசப்போகிறேன். வலி மாத்திரை எல்லாவற்றையும் பற்றியல்ல. தசை இறுக்கத்தைத் தளர்த்தத் தரும் மருந்துகளைப் பற்றி.

அவை நேரே பிடித்துக்கொண்ட தசைக்குப் போய் வேலை செய்கின்றன என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. பெக்லோஃபென் என்ற குளிசை முள்ளந்தண்டு வடத்திலும் மூளையிலும் நரம்புச் செய்திகளை அடக்குகிறது. ரேடியோவின் சத்தத்தைக் குறைப்பதுபோல. அளவோடு குறைத்தால் இறுக்கம் தளரும். அளவு மீறினால் விழிப்பும் அடங்கும், மூச்சும் அடங்கும். முதலில் தூக்கம், குழறிய பேச்சு, தடுமாற்றம். பிறகு கைகால் துவண்டு, இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் இறங்கி, ஆள் நினைவிழந்துவிடலாம். சிலருக்கு வலிப்பும் வரும்.

நான் வார்டில் வேலை செய்த காலத்தில் ஓர் அம்மாவைக் கொண்டுவந்தார்கள். முதல் நாள் சம்பந்தமில்லாமல் பேசியிருக்கிறார். காற்றுச் சேட்டை என்று தேசிக்காய் வெட்டி, திருநீறு பூசியிருக்கிறார்கள். மறுநாள் எழுப்பினால் எழும்பவில்லை. பாரிசவாதமாக இருக்கும் என்று லொறியில் ஏற்றிவிட்டார்கள். பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரித் துவண்டிருக்கிறது. சீனியும் குறையவில்லை. “என்ன மருந்து குடித்தார்?” என்று கேட்டால், “ஒன்றுமில்லை டொக்டர், வழமையான சீனி மருந்துதான்” என்கிறார் மகன். மருமகள்தான் மெதுவாகச் சொன்னார்: “பக்கத்து வீட்டு மாமா இடுப்பு வலிக்கு ரெண்டு மூணு குளிசை குடுத்தாங்க.” அந்த மாமா பாரிசவாதம் வந்தவர், விறைத்த காலுக்காகக் கிளினிக்கில் கொடுத்த பெக்லோஃபென். அந்த அம்மாவுக்கோ சீனி வியாதியால் சிறுநீரகம் ஏற்கெனவே பழுதுபட்டிருந்தது.

இதை மட்டும் மனதில் வையுங்கள்: பெக்லோஃபெனின் பெரும்பகுதி சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு, மற்றவர் தாங்குகிற ஓரிரு குளிசைகளே நஞ்சாகிவிடும். வேண்டுமென்று விழுங்கினால்தான் ஆபத்து என்பதில்லை. கண்டிக்கு அனுப்பி இரத்தம் சுத்திகரித்த பிறகு அந்த அம்மா கண் விழித்தார், பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கடுமையான நிலையில் கண்மணி வெளிச்சத்துக்கு அசையாது, அனிச்சைச் செயல்களும் இராது. மூளைச் சாவு போலவே தோன்றும். மருந்து வெளியேறினால் திரும்பி வரக்கூடும். அதனால்தான் எந்தக் குளிசை என்று தெரிவது அவ்வளவு முக்கியம். வெற்று அட்டையையாவது கையோடு கொண்டுவாருங்கள்.

மற்றக் குளிசைகளும் ஒரே மாதிரியல்ல. ஓர்ஃபெனட்ரின் கூடினால் வாய் உலர்ந்து, பிதற்றி, வலிப்பு வந்து, இதயத் துடிப்பும் குழம்பும். சிறு பிள்ளைகளுக்கு மிக ஆபத்து, எட்டாத இடத்தில் வையுங்கள். டிசானிடின் என்ற தசை தளர்த்தும் குளிசையோடு, கிருமிகளைக் கொல்லத் தரும் சிப்ரோஃப்ளொக்சசின் சேர்ந்தால் இரத்தத்தில் டிசானிடின் பல மடங்கு ஏறும். இரண்டையும் சேர்த்துக் குடிக்கவே கூடாது. அப்புறம், சாராயம். இந்தக் குளிசைகளில் பெரும்பாலானவை தூக்கத்தைத் தருபவை. வேலைக் களைப்புக்கு ஒரு கிளாஸ் போட்டுவிட்டு மேலே குளிசையும் போட்டால் மூச்சை அடக்குகிற பொருள்கள் இரண்டாகின்றன.

யாராவது இப்படி மயங்கிக் கிடந்தால் வாந்தியெடுக்க வைக்காதீர்கள். புளித்தண்ணீர், உப்புத் தண்ணீர் எதுவும் வாயில் ஊற்ற வேண்டாம், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 1990 அம்புலன்ஸை அழையுங்கள். தூங்கி எழும்பினால் சரியாகும் என்று விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். இதைக் கேட்டுப் பயந்து, டொக்டர் தந்த பெக்லோஃபெனை நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு, இல்லாததைக் காண்பது, கடுங்காய்ச்சல் வரலாம். கிளினிக்கில் கேட்டுப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். நன்றி, வணக்கம்.