தோட்டத்து வானமும் விமானப் பாதையும்

நேயர்களுக்கு வணக்கம். பந்திங், டெங்கில், சிப்பாங் பக்கத் தோட்டங்களில் கோயில் திருவிழா என்றாலும் கல்யாணம் என்றாலும் இப்போது டிரோன் மேலே போகிறது. அதே வானத்தில்தான் கே.எல்.ஐ.ஏ. எனும் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்து விமானங்களும். "தாழ்வாகத்தானே விடுகிறோம், என்ன வந்துவிடும்?" என்று பலர் கேட்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பயணிகள் விமானம் வழக்கமாக 3 பாகைச் சரிவில் இறங்கும். ஓடுபாதை முனைக்கு 2 கிலோமீட்டர் முன்னால் அது வரும் உயரம் ஏறக்குறைய 120 மீட்டர், அதாவது 400 அடி. ஒரு கிலோமீட்டரில் 70 மீட்டர்கூட இருக்காது. அங்கே டிரோனுக்குத் தாழ்வான இடம் என்று ஒன்று கிடையாது. பறவையின் உடல் மோதினால் நசுங்கும். அதே எடையுள்ள டிரோனின் மோட்டாரும் பேட்டரியும் இறக்கையைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகலாம்.

அதனால்தான் 2016ஆம் ஆண்டு சிவில் விமானப் போக்குவரத்து விதிமுறைகள், விமான நிலையப் போக்குவரத்து எல்லைக்குள்ளும் (நிலையத்தைச் சுற்றி வரையறுத்த வான்பகுதி), எந்த இடமானாலும் 400 அடிக்கு மேலும், சி.ஏ.ஏ.எம். எனும் மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதியின்றி டிரோன் பறக்கத் தடை விதிக்கின்றன. டிரோனை இயக்கும் கைபேசிச் செயலி தடுக்கவில்லை என்பது அனுமதி ஆகாது. கேமரா டிரோன் என்றால் ஆட்களிடமிருந்து 50 மீட்டர், ஏற்றி இறக்கும்போது 30 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். ஆயிரம் பேருக்கு மேல் கூடும் தீமிதியில் 150 மீட்டர். கூட்டத்தின் தலைக்கு மேல் விடவே கூடாது.

அதிகம் பேர் தவறுவது உயரத்தில். திரையில் தெரியும் எண் டிரோன் கிளம்பிய இடத்திலிருந்து அளந்தது, கீழே உள்ள தரையிலிருந்து அல்ல. பந்திங் பக்கத்து ஜுக்ரா குன்றில் 60 மீட்டர் மேட்டிலிருந்து கிளப்பி, திரையில் 100 காட்டியபடி அடிவாரத்துச் செம்பனைக் காட்டுக்கு வந்தால் உண்மை உயரம் 160 மீட்டர். 400 அடி, அதாவது சுமார் 120 மீட்டர் வரம்பை எப்போதோ தாண்டிவிட்டது. அந்தக் குன்றில் பாராகிளைடரில் பறப்பவர்களும் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

பறந்துகொண்டிருக்கும்போது ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் வீடு திரும்பும் பொத்தானைத் தொடாதீர்கள். பல டிரோன்கள் முதலில் குறித்து வைத்த உயரத்துக்கு ஏறி, பிறகுதான் திரும்பும். ஹெலிகாப்டரும் அந்த உயரத்தில் வரலாம். ரிமோட்டில் உயரத்தைக் கட்டுப்படுத்தும் குச்சியை (வழக்கமாக இடது) கீழே இழுத்து, மரம் இல்லாத வெளியில் நேராக இறக்குங்கள்.