அசையாமல் இருப்பதும் வேலைதான்

நேயர்களுக்கு வணக்கம்.

பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்க ஸ்டுடியோவுக்குப் போகிறோம். ஸ்டூலில் உட்கார வைக்கிறார்கள். "தலையைக் கொஞ்சம் சாயுங்க… இல்ல, அந்தப் பக்கம்" என்கிறார் போட்டோகிராபர். நமக்குப் பிடிபடவில்லை. பொறுமை இழந்து அவரே வந்து நம் மோவாயை ஒரு விரலால் திருப்பி வைத்துவிட்டுப் போகிறார். அந்த ஒரு விநாடிக்கு எவ்வளவு கூச்சம்! முழு உடுப்போடு இருக்கும்போதே இப்படி. இன்று என் பேச்சு, உடுப்பில்லாமல் கேமரா முன் நிற்பவரைப் பற்றியது. கலைக்காக எடுக்கப்படும் நிர்வாண ஒளிப்படத்தில், எடுப்பவருக்கும் மாடலுக்கும் உள்ள உறவு. பிள்ளைகளோடு கேட்டுக்கொண்டிருப்பவர்கள் ரேடியோவை அணைக்க வேண்டியதில்லை. பேச்சில் பெரும்பகுதி முழங்கால் வலியும் அறைச் சூடும் கையெழுத்தும்தான்.

முதல் விதி: தொடக்கூடாது. மோவாயைக்கூட. அப்படியானால் எப்படிச் சொல்வது? எடுப்பவர் தானே அந்த மாதிரி உட்கார்ந்து காட்ட வேண்டும். "இடது கை" என்றால் யாருடைய இடது என்ற குழப்பம் வரும். "ஜன்னல் பக்கத்துக் கை", "கதவுப் பக்கத்துத் தோள்" என்றால் வராது. கழுத்தில் முடி ஒட்டியிருக்கிறதா, ஒரு கண்ணாடியைக் கொடுத்தால் அவரே ஒதுக்கிக்கொள்வார்.

அடுத்தது, யாரும் யோசிக்காத ஒன்று. பாவாடை நாடாத் தடம். ராத்திரி இடுப்பில் பார்த்திருப்பீர்கள், சிவப்பாக ஒரு வரி. சாக்ஸ் தடமும் வாட்ச் தடமும் அப்படித்தான். அது மறைய அரை மணி, சிலருக்கு ஒரு மணிக்கும் மேல் ஆகும். பக்கவாட்டில் விழும் வெளிச்சத்தில் அந்த வரி பள்ளம்போலத் தெரியும். அதனால் தளர்ந்த உடையில் வரச் சொல்லி முன்தினமே தெரிவிக்க வேண்டும். மறந்துவிட்டு, மாடல் வந்து உடை மாற்றியபின் "தடம் போகட்டும்" என்று அவரை வெறுமனே காக்க வைப்பது எடுப்பவரின் பிழை. அந்தக் காத்திருப்புக்கும் கூலி உண்டு.

அறைச் சூட்டையும் மாடலின் உடம்பை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எடுப்பவர் சட்டை போட்டுக்கொண்டு ஓடியாடுகிறார், அவருக்குப் புழுங்கும், ஏசியைக் கூட்டுவார். எதிரே இருப்பவருக்கு மயிர்க்கூச்செறிந்துவிடும். தோலில் புள்ளி புள்ளியாக எழுந்தால் அன்றைய படம் போச்சு. எடுப்பவருக்கு வேர்க்கிறது என்றால் மாடலுக்குச் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

அசையாமல் இருப்பது ஒரு வேலை. மறுபடியும் சொல்கிறேன், அது ஒரு வேலை. தலைக்கு மேல் தூக்கிய கை இரண்டு மூன்று நிமிடத்தில் மரத்துப்போகும். முழங்காலை விறைத்து நெடுநேரம் நிற்பவருக்குத் தலை சுற்றும், சிலர் மயங்கியே விழுவார்கள். உட்கார்ந்த நிலை என்றாலும் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இடைவேளை தர வேண்டும், கைக்கெட்டும் தூரத்தில் மேலங்கி இருக்க வேண்டும். விளக்கு, ஸ்டாண்ட் எல்லாவற்றையும் மாடல் அங்கியைக் கழற்றும் முன்பே வேறு ஒருவரை உட்கார வைத்துச் சரிபார்த்துவிட வேண்டும். அங்கியில்லாத மனிதர் எதிரே உட்கார்ந்திருக்க, பிளக் பாயின்ட்டைத் தேடிக்கொண்டிருப்பது மரியாதையில்லை.

ஜார்ஜியா ஓகீஃப் பெரிய ஓவியர். ஒளிப்படக்காரர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் 1917 முதல் 1937 வரை அவரை முந்நூறுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார். அந்தக் காலக் கண்ணாடி நெகட்டிவுக்கு மூன்று நான்கு நிமிடம் அசையாமல் இருக்க வேண்டியிருந்ததை ஓகீஃப் 1978-இல் எழுதினார். சிமிட்டக்கூடாத நேரத்தில் கண் சிமிட்டும், வாய் துடிக்கும், காது அரிக்குமாம். அறுபது ஆண்டு கழித்தும் அந்த அரிப்பு நினைவிருக்கிறது பாருங்கள்!

நான் எங்கு பேசினாலும் வந்து நிற்கும் இடம் இனிதான். ஒளிப்படக்காரர் எட்வர்ட் வெஸ்டன், அவருடைய மாடல் கேரிஸ் வில்சன். இருவரும் 1934-இல் கலிபோர்னியாவில் சந்தித்தார்கள். வெஸ்டனுக்கு ஐம்பதை நெருங்கும் வயது, கேரிஸுக்கு 19. 1936-இல் சாண்டா மோனிகா வீட்டு வாசல் நிலையில் எடுத்த படம் ஒன்று உலகப் புகழ் பெற்றது. கேரிஸ் உட்கார்ந்து காலைக் கட்டிக்கொண்டு தலையைக் கவிழ்த்திருக்கிறார். முகமே தெரியாது, உச்சி வகிடுதான் தெரியும். பார்ப்பவர்கள் "என்ன அமைப்பு, என்ன வடிவம்" என்று வியக்கிறார்கள். தலை ஏன் கவிழ்ந்தது? வெயிலில் கண் கூசியது, கேரிஸ் தலையைக் குனிந்துகொண்டார். அவ்வளவுதான்! அந்தக் குனிவு மாடலிடமிருந்து வந்தது. அதைக் கண்டு அப்படியே எடுத்தது வெஸ்டனின் கண். இதில் எதைக் கழித்தாலும் படம் இல்லை.

இன்னொன்று. 1998-இல் வெளியான தன் நினைவு நூலில் கேரிஸ் எழுதுகிறார், அந்தப் படத்தில் இருவருக்குமே குறை இருந்ததாம். வெஸ்டனுக்கு, வலது கையில் விழுந்த நிழல் உறுத்திக்கொண்டே இருந்தது. கேரிஸுக்கு, வகிடு கோணியிருக்கிறது, கொண்டை ஊசி வெளியே தெரிகிறது! தன் பங்கில் குறை காண்கிற ஆளைத்தான் நாம் தொழில்காரர் என்கிறோம், இல்லையா? படம் எடுத்த அடுத்த ஆண்டு, 1937-இல், வெஸ்டனுக்கு அமெரிக்காவின் பெயர்பெற்ற கக்கன்ஹைம் உதவித்தொகை கிடைத்தது. ஒளிப்படக்காரர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல்முறை. அதற்கு விரிவான விண்ணப்பம் எழுதியவர் கேரிஸ். வெஸ்டனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அந்தப் பணத்தில் படம் எடுக்கப் போன பயணம் முழுக்க ஓட்டியவரும் கேரிஸ். 1940-இல் வந்த அந்தப் பயண நூலுக்கு எழுத்தும் அவருடையது. இன்னும் பல இடங்களில் அவரை "வெஸ்டனின் மாடல்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு இது ஆறாத கோபம், நேயர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கடிகாரம் முந்துகிறது. கையெழுத்து விஷயத்துக்கு வருகிறேன். "படம் எடுக்கச் சம்மதம்" என்று ஒரே வரியில் வாங்கினால் போதாது. எடுக்க, அச்சிட, கண்காட்சியில் மாட்ட, இணையத்தில் போட, விற்க: ஒவ்வொன்றுக்கும் தனிச் சம்மதம், தனிக் கையெழுத்து. வயது 18 நிறைந்ததற்குச் சான்று. அறையில் யார் யார் இருப்பார்கள் என்ற பெயர்கள். எல்லாவற்றையும் அங்கியைக் கழற்றும் முன்பே, முடிந்தால் முந்தின நாளே முடித்துவிட வேண்டும். குளிரிலும் கூச்சத்திலும் உட்கார்ந்திருப்பவரிடம் காகிதத்தை நீட்டினால் அவர் படிக்கவா போகிறார்? நம் நாட்டுச் சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 77-ஆம் பிரிவின் விளக்கத்தில், எடுக்கச் சம்மதித்த பெண் மற்றவர்களுக்குப் பரப்பச் சம்மதிக்கவில்லை என்றால், பரப்புவது குற்றம் என்று எழுதியே இருக்கிறது. கணவன் மனைவி, காதலர் என்ற உறவு இருந்தாலும் காகிதம் வேண்டும். அங்கேதான் எழுதிக்கொள்ள மறக்கிறார்கள், பிரிந்தபின் சண்டை வருகிறது.

ஆண் மாடல், பெண் கேமராக்காரர் என்று ஒரு பகுதி வைத்திருந்தேன். நிலையத்து நண்பர் கை காட்டுகிறார். இரண்டே வரி: அமெரிக்க ஒளிப்படக்காரர் இமோஜன் கன்னிங்ஹாம் என்ற பெண் 1915-இல் ரெய்னியர் மலையில் தன் கணவரை நிர்வாணமாக எடுத்தார். சியாட்டில் பத்திரிகையில் படம் வந்ததும் ஊர் ஏசியது. அந்த நெகட்டிவ்களை அவர் எடுத்து உள்ளே வைத்தார், பல பத்தாண்டுகள் வெளியே எடுக்கவில்லை. மிச்சத்துக்கு நேரம் இல்லை. வணக்கம்.